நான் கூப்பிடாத ஏழாவது பெயர்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி, பட்டியலில் ஏழு பெயர்கள், ஏழாவது ஜேம்ஸ். குன்னூரில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, ஈறு வைத்தியம் முடிந்தவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிடுவது என் வேலை. வலிக்கிறவர்கள் கூப்பிடாமலே வருவார்கள். பயப்படுகிறவர்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

ஜேம்ஸ் என்பது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் என் கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடின. டாக்டர் ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்து அவற்றை நிற்க வைத்தார். "நோய் போயிடல ஜேம்ஸ், அடங்கியிருக்கு. ராத்திரி தேய்க்கணும், பல்லிடுக்குல சின்ன பிரஷ் விடணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா இங்க வந்து காட்டணும். விட்டா நாலும் போயிரும்" என்றார். நான்கு தடவை காட்டினேன். ஐந்தாவது தடவைக்கு முந்தின வாரம், துப்பிய நுரையில் சிவப்பு தெரிந்தது. அதன்பிறகு டாக்டரின் நாற்காலியில் உட்காரவில்லை. பட்டியலில் எனக்கு மேலே உள்ளவர்களைக் கூப்பிட்டுவிட்டு நோட்டை மூடிவிடுவேன். ஈறு நோய் வந்து தேறிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அளந்து பார்க்காதவரை பல் நம்முடையது.

கேத்திக் குழாய்

லிங்கன் பக்கத்து ஊரான கேத்தியில் கேரட் போடுகிறவர். வைத்தியத்தில் வீக்கம் வற்றி ஈறு கீழே இறங்கியதால் பல்லின் வேர் கொஞ்சம் வெளியே தெரியும். அதில் அந்த ஊர்க் குழாயின் பச்சைத் தண்ணீர் பட்டால் மண்டை வரைக்கும் கூசும். பனி கொட்டுகிற மாதங்களில் அவர் ராத்திரி பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். மாசியில் வந்தபோது பற்களைச் சுற்றி மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது.

வெந்நீர் வைத்துத் தேய்க்கலாமே, கூச்சத்துக்குத் தனிப் பேஸ்ட் இருக்கிறதே என்று டாக்டர் சொன்னார். லிங்கன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வெளியே வந்ததும் என் மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, டாக்டருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஏனுங்க, பல்லு போனா ஒரு நாள் வலி. தேச்சா தெனமும் வலிங்க."

பதினோரு நாள்

செல்வராணி எஸ்டேட் ஃபேக்டரியில் இலை தரம் பிரிக்கிறவர். வைத்தியம் முடிந்து ஐந்தாம் மாதம் கடைவாயில் ரத்தம் கசிந்தது. பிரஷ்தான் கிழிக்கிறது என்று முடிவு செய்து பிரஷைப் பரணில் போட்டார். வீட்டில் நீலகிரித் தைலம் இருந்தது. எங்கள் மலையில் தலைவலிக்கும் சளிக்கும் முழங்காலுக்கும் அதுதான். விரலில் தொட்டுப் பதினோரு நாள் ஈறில் தடவினார். வந்தபோது ஈறு வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது.

ரத்தம் வருகிற இடம் அழுக்கு தங்கிய இடம், அங்கேதான் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று நாக்கால் என் கீழ்வரிசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த நான்கு பற்களைத் தொடாமல் தாண்டித்தான் நானும் ஆறு மாதமாகத் தேய்த்துவந்தேன். செல்வராணி கண்ணாடியை இறக்கிவைத்தார்: "எரிஞ்சுதுங்க டாக்டர். எரியறதப் பாத்து, மருந்து வேல செய்யுதுன்னு நெனச்சுட்டேன்."

நான் எழுதிய எண்கள்

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, டாக்டர் ஆழத்தை எண்ணாகச் சொல்லுவார். நான் எழுதுவேன். மூன்று வரை பயமில்லை. நான்கென்றால் கவனம். அதற்கு மேலே போனால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். இது எல்லா நோயாளிகளுக்கும் தெரியும். அதனால் வாயைத் திறந்துகொண்டு, காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மைக்கேல் அன்று காலை மூன்று தடவை பல் தேய்த்துவிட்டு வந்திருந்தார். "ரெண்டு, மூணு, ரெண்டு" என்றபோது கண்ணை மூடிக்கொண்டார். "ஆறு" என்றபோது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. "சர்க்கரை எவ்வளவு இருக்குங்க சார்?" என்று டாக்டர் கேட்டார். நான்கு மாதமாகப் பார்க்கவில்லையாம். சர்க்கரை ஏறினால் எவ்வளவு தேய்த்தாலும் ஈறு தாங்காது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வாய் கொப்பளித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷம் கிளாஸ்ல மார்க்க வாசிச்சேன் ஜேம்ஸ். ஒருநாள்கூட பசங்க மொகத்தப் பாத்ததில்ல."

டீக்கடை

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம், எதிரே டீக்கடையில் நின்று மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தேன். கடித்துச் சாப்பிடுவதை விட்டு வெகுநாளாகிறது. கரையும்வரை முக்கி, கரண்டியால் எடுப்பேன். போன் அடித்தது. எங்கள் மருத்துவமனை எண். நர்ஸ் சாந்தி பேசினாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள், அன்று யாரோ போலப் பேசினாள்.

"ஜேம்ஸுங்களா? ஈறு செக்கப்புக்கு வரணுங்க. ஒம்பது மாசம் தள்ளிப்போயிருக்குங்க. காரணம் என்னன்னு எழுதிக்கட்டுங்களா?"

மற்றவர்கள் என்னிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான பதில் வாயில் வந்தது. மழை, ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, பஸ் இல்லை என்றேன்.

"ஜன்னல்ல இருந்துதான் பேசறேங்க. நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில்ல நிக்கறீங்க."

சாந்தி எழுதிய எண்கள்

ரோட்டைத் தாண்டி, மாடியேறி மருத்துவமனைக்குப் போனேன். நாற்காலிக்கு மேலே தொங்கும் விளக்கை அடியிலிருந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. சாந்தி பேனாவோடு உட்கார்ந்தாள். கடைவாய்ப் பற்கள் மூன்றும் நான்குமாகக் கடந்துபோயின. கீழ்வரிசைக்கு வந்ததும் டாக்டரின் குரல் மெலிந்தது. "அஞ்சு. அஞ்சு. அஞ்சு." நான்காவது பல்லில் கம்பி இறங்கியது. அது நிற்குமென்று காத்திருந்தேன். இன்னும் இறங்கியது. "ஒம்பது."

சாந்தி எழுதாமல் டாக்டரைப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"மூணு பல்லுக்கு மறுபடியும் சுத்தம் பண்ணிப் பாக்கலாம் ஜேம்ஸ். நாலாவதுக்கு நீங்க போன வருஷம் வந்திருக்கணும்."

ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்தே காலுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் எடுக்கப்பட்டது. அது வலிக்கவில்லை, பக்கத்தில் நிற்கும் மூன்றைப் பற்றித்தான் இப்போது பயம்.