கிணற்றுக்குள் ஏழு வாரம்

திண்டிவனத்தில் ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தின் நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. மரத்தடியில் மஞ்சள் துணி கட்டிய அம்மன் கல். விடிவதற்கு முன்னால் அங்கே நடக்க வருகிறவர்களும் ஓட வருகிறவர்களும் அந்த மரத்தை வலமாகத்தான் சுற்றுவார்கள். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. புதிதாக வந்தவர் தெரியாமல் இடப்பக்கம் திரும்பிவிட்டால், எதிரே வருகிற பத்துப் பேரும் கையை ஆட்டி அவரைத் திருப்பி விடுவார்கள்.

ஆரோக்கியசெல்வி ஐந்து வருடமாக அப்படித்தான் ஓடினாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் அவள். “நீ இடமா கூட ஓடலாமேக்கா, உன்ன யாரு கேக்கப் போறாங்க?” என்று கூட ஓடும் அம்சா ஒருமுறை சீண்டினாள்.

“ஊரே ஒரு பக்கமா போய்க்கினு இருக்குது. நான் மட்டும் எதிர்ல வந்து எல்லார் மூஞ்சியிலயும் இடிக்கணுமா? அந்தம்மாகிட்ட எனக்கு இன்னாடி வம்பு?” என்றாள் செல்வி.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் சத்துணவு சமையலர். தினமும் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறாள். பிள்ளைகளுக்கு அவள் ‘ஆயா’. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னதால் நாற்பத்தோரு வயதில் நடக்க ஆரம்பித்தாள். நடப்பது அலுத்துப்போய் ஒருநாள் ஓடிப் பார்த்தாள். அன்று பிடித்தது விடவில்லை. ஐந்து வருடத்தில் சர்க்கரையும் இறங்கியது, ஐயாயிரம் மீட்டரை முப்பத்தொரு நிமிடத்தில் முடிக்கும் அளவுக்குக் காலும் பழகியது. ஆனால் இதுவரை கடிகாரத்தோடு மட்டுமே போட்டி போட்டிருந்தாள்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மூத்தோர் தடகளப் போட்டி என்று அம்சாதான் செல்போனில் காட்டினாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐயாயிரம் மீட்டர். செல்வி பெயர் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், மறுநாள் மதியம் கரண்டியும் கையுமாகப் பிள்ளைகளிடம் சொல்லியும் விட்டாள். “ஆயா விழுப்புரத்துல ஓடப்போறேன்டா.” அதன்பிறகு தட்டு நீட்டுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியையும் சேர்த்தே நீட்டியது.

நவம்பர் முதல் வாரத்தில், மழை விட்ட ஒரு காலையில், வலது காலில் முழங்காலுக்குக் கீழே உட்பக்க எலும்பில் ஊசி வைத்ததுபோல ஒரு வலி. தைலம் தேய்த்துக்கொண்டு மேலும் ஐந்து நாள் ஓடினாள். ஆறாம் நாள் பள்ளியில் சோற்றுக் குண்டானை இறக்கும்போது கால் மடங்கியது. அன்று சாயங்காலமே அவள் கணவன் சித்தார்த்தன், ஷேர் ஆட்டோ சவாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவளை விழுப்புரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனான்.

அங்கே ஒரு சின்ன மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்தார்கள். பிறகு இளவரசி என்ற பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் காலைத் தொடும் முன் செல்வியின் ஷூவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். இடது ஷூ ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. வலது ஷூ ஒரு ஓரமாகச் சரிந்து தேய்ந்திருந்தது.

“எந்தப் பக்கமா ஓடுவீங்கம்மா?”

செல்விக்குக் கேள்வி புரியவில்லை. “முன்பக்கமாதான்மா.”

இளவரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டாள். செல்வி வேப்பமரத்தைப் பற்றிச் சொன்னாள். அம்மனைப் பற்றியும் சொன்னாள்.

“அஞ்சு வருசமாவா? ஒரு தடவ கூட அந்தப் பக்கம் திரும்பலையா?”

“எதுக்குத் திரும்பணும்?”

“திரும்புற பக்கமே திரும்பித் திரும்பி எல்லா பாரத்தையும் வலது கால்ல போட்டிருக்கீங்க. எலும்புல இன்னும் விரிசல் விழல. ஆனா விழறதுக்கு நாள் பாத்துக்கினு இருக்குது. ஆறு வாரம் ஓடக்கூடாது. விரிசல் விட்டுச்சுன்னா மாவுக்கட்டுதான். மூணு மாசம் அடுப்பண்ட நிக்க முடியாது.”

செல்வி விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். “ஜனவரியில ரேஸ் இருக்குதும்மா.”

“ரேஸ்ல எந்தப் பக்கம் ஓடுவாங்க தெரியுமா? எல்லா மைதானத்துலயும் இடப்பக்கமாதான்.”

செல்வி மேசைமேல் விரலால் அதே வட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “நல்ல வேளைங்க. விசில் ஊதுனதும் எல்லாரும் அந்தப் பக்கம் போயிருப்பாங்க. நான் மட்டும் இந்தப் பக்கம் ஓடியிருப்பேன்.”

“ஓடியிருந்தா ஃபர்ஸ்ட்டு நீதான். அந்தப் பக்கத்துல வேற யாரும் இல்லையே” என்றான் சித்தார்த்தன்.

கால் தரையில் படாமல், தண்ணீரில் ஓடலாம் என்றாள் இளவரசி. மூச்சும் தசையும் விட்டுப்போகாமல் இருக்கும். “பக்கத்துல நீச்சல் குளம் இருக்குதா?”

“கெணறு இருக்குது.”

“எவ்ளோ ஆழம்? கால் எட்டாதுல்ல?”

“எட்டுற கெணறா இருந்தா கோடையிலயே தண்ணி வத்தியிருக்கும்மா. அம்சா வூட்டுக் கெணறு அறுபது அடி.”

கூட ஒரு ஆள் கரையில் இருக்க வேண்டும், மிதவை வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி எழுதிக் கொடுத்தாள் இளவரசி. முருங்கைக்கீரை, கேப்பை, அவித்த மல்லாட்டைக் கடலை என்று சாப்பாட்டுச் சீட்டும் சேர்த்தாள். கடைசி வரியாக, ‘வட்டம் போட்டால் இடப்பக்கம்’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

முதல் வாரம் செல்வி யாரோடும் சரியாகப் பேசவில்லை. பள்ளிச் சமையலறையில் மூடிகள் தாமாக விழுந்து உருண்டன. “ஆயா, சாம்பார்ல உப்பு இல்ல” என்று நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று பயந்து பயந்து சொன்னது. சித்தார்த்தன் பஞ்சர் கடையில் சொல்லிவைத்து, ஒட்டுப்போட்ட லாரி டியூப் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் சாத்தி வைத்தான். இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அவளே அதை ஆட்டோவின் பின்னால் போட்டாள்.

ஐப்பசி மழையில் அம்சாவின் நிலத்துக் கிணறு மேல் படிக்கட்டு வரைக்கும் நிறைந்திருந்தது. பழைய சுடிதாரோடு, டியூபை அக்குளுக்கடியில் மாட்டிக்கொண்டு செல்வி இறங்கினாள். அம்சா படியில் உட்கார்ந்து டியூபில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ஒரு கையிலும் செல்போனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டாள். முழங்காலை உயர்த்தி, கையை வீசி, மைதானத்தில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும். முதல் நாள் ஒரே இடத்தில் சுழன்று, எட்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. சுவரோரத்தில் இருந்த தவளைகள் எல்லாம் மேல் படிக்குக் குடிபெயர்ந்தன.

நாற்று நடப் போன பெண்கள் சத்தம் கேட்டு விளிம்பில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னா அம்சா, உள்ள யாரு?”

“எங்க அக்கா. ஓடிக்கினு இருக்குது.”

“கெணத்துலயா?”

“ரோட்டுல டிராபிக் ஜாஸ்தியாம்.”

அவர்கள் சிரித்த சிரிப்பு கிணற்றுக்குள் வந்து நான்கு சுவரிலும் மோதியது. செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது தண்ணீர் குடித்து, இருமினாள்; அதற்கும் மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய கோபம் போனது அன்றுதான்.

அதன்பிறகு வாரத்தில் ஆறு நாள், விடிந்ததும் கிணறு. எட்டு நிமிடம் பதினைந்தாகி, இருபத்தைந்தானது. இடப்பக்கமாகவே வட்டம் போட்டாள். முதலில் உடம்பு வலப்பக்கம் இழுத்தது. அம்சா மேலிருந்து, “அக்கா, அம்மன் இங்க இல்ல, இந்தப் பக்கம் வா” என்று கயிற்றைச் சுண்டுவாள். சுவரில் ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டுவதை ஒரு சுற்றாக எண்ணினார்கள். பள்ளியில் பிள்ளைகள், “ஆயா, இன்னிக்கு எத்தினி சுத்து?” என்று கேட்டார்கள். சாம்பாரில் உப்பு பழைய அளவுக்கு வந்தது.

நான்காம் வாரம் வலி சுத்தமாக இல்லை. அங்கேதான் ஏமாந்தாள். ஞாயிறு காலை, மாதா கோயில் பூசைக்கு முன்னால், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மைதானத்துக்குப் போனாள். ஷூ மட்டும் எதற்காக மாட்டினாள் என்று அவளையே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டாள். எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஓடினாள். கால் தானாக வலப்பக்கம் திரும்பியது. பாதிச் சுற்றில் அதே இடத்தில் அதே ஊசி.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் படியேறும்போது இடது காலை முதலில் வைத்ததைச் சித்தார்த்தன் பார்த்தான். மறுநாள் ஷூவைக் காணோம். செல்வி பரண் வரைக்கும் தேடினாள். உலை வைக்க அரிசி எடுக்கப் போனபோது, டிரம்முக்குள் கையில் ஷூ லேஸ் சிக்கியது.

“ஏங்க, சமையல்காரி வூட்டுல அரிசி டிரம்முலயா கொண்டு போய் ஒளிச்சு வெப்பாங்க?”

“நீ எப்டியும் கண்டுபுடிப்பேன்னு தெரியும். கண்டுபுடிச்சப்புறமாவது இன்னாத்துக்கு ஒளிச்சேன்னு யோசிப்பியேன்னுதான் வெச்சேன்” என்றான் அவன். “கால் உன்னுதுதான். ஆனா நீ குண்டான் தூக்கி விழுந்தன்னு ஸ்கூல்லருந்து போன் வந்தா, ஆட்டோவ ஓட்டிக்கினு வர்றவன் நானு.”

செல்வி ஷூவிலிருந்த அரிசியைத் தட்டினாள். பிறகு அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். “நீங்களே வெச்சிக்கங்க. இளவரசிம்மா சொன்னப்புறம் குடுங்க.”

இளவரசியிடம் போனில் உண்மையைச் சொன்னாள். ஆறு வாரம் ஏழு வாரமானது.

ஜனவரி முதல் வாரம் சோதனை. வலது காலில் மட்டும் நின்று இருபது முறை குதிக்க வேண்டும். “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்மா. எங்கிட்ட பொய் சொன்னா எலும்பு உங்ககிட்ட உண்மைய சொல்லும்” என்றாள் இளவரசி. செல்வி குதித்தாள். பதினேழில் நின்று, எலும்பு என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். எலும்பு ஒன்றும் சொல்லவில்லை. இருபதையும் முடித்தாள். சித்தார்த்தன் பையிலிருந்து ஷூவை எடுத்தான்.

“நடந்து ஓடி, நடந்து ஓடி ஏத்துங்க. ரேஸ்ல ஊசி குத்துன எடத்துலயே நின்னுடணும். கோட்டுக்குப் பத்தடி இருந்தாலும் நின்னுடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

இனித் தரையில் இடப்பக்கமாக ஓடிப் பழக வேண்டும். செல்வி அம்மனுக்கு விளக்கேற்றும் பூசாரி கிருஷ்ணசாமியிடம் போனாள்.

“பூசாரிண்ணா, மரத்த இடமா சுத்தி ஓடுனா தப்பாங்க?”

“நீங்க ஓடறப்ப அம்மாவ பாக்கறீங்களா, வாட்ச்ச பாக்கறீங்களா?”

“வாட்ச்சதான்.”

“அப்ப நீங்க சுத்தறது வாட்ச்சதான். அம்மாவுக்கு இதுல கணக்கே இல்ல. எனக்கும் வலது முட்டி மட்டும் ரெண்டு வருசமா வலிச்சிக்கினுதான் இருக்குது.” கொஞ்சம் யோசித்து அவர் தீர்ப்பும் சொன்னார். “செவ்வா, வெள்ளி வலம். மத்த நாள்ல இடம். ஆனா எல்லாரும் ஒண்ணா மாறணும். ஆளுக்கொரு பக்கம் வந்து மண்டைய இடிச்சிக்காதீங்க, அந்தப் பேஜாரு எனக்கு வேணாம்.”

போட்டியன்று விழுப்புரம் மைதானத்தில் அவள் பிரிவில் ஐந்து பெண்கள் நின்றார்கள். பன்னிரண்டரைச் சுற்று. விசில் ஊதியதும் செல்வி இடப்பக்கம் திரும்பினாள். உடம்பு முரண்டு பிடிக்கவில்லை. வளைவுகளில் கிணற்றுச் சுவர் ஞாபகம் வந்தது. கோலியனூரிலிருந்து வந்த அம்மாள் ஆறாவது சுற்றில் அவளை முழுதாக ஒரு சுற்றுத் தாண்டிப் போனாள். செல்வி தன் மூச்சிலேயே ஓடினாள்.

பத்தாவது சுற்றில் முழங்காலுக்குக் கீழே சுருக்கென்றது.

சம்மதம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு தட்டுகளும் ஞாபகம் வந்தன. இரண்டும் அவளை இரண்டு பக்கம் இழுத்தன. வேகத்தைக் குறைத்தாள். நிற்பதற்காகக் கையைக்கூட உயர்த்திவிட்டாள். அப்புறம்தான், எந்தக் கால் என்று பார்த்தாள். இடது கால். அதுவும் எலும்பில்லை, கெண்டைச் சதை. உழைத்த சதையின் சாதாரண வலி. ஐந்து வருடமாகச் சும்மா கூடவே வந்துகொண்டிருந்த கால், இப்போதுதான் தன் பங்கைச் செய்கிறது. உயர்த்திய கையை அப்படியே வீசிவிட்டு ஓடினாள்.

முப்பத்து நான்கு நிமிடம் இருபது வினாடி. கோட்டைத் தாண்டியதும் வலது காலில் நின்று ஒரு குதி குதித்துப் பார்த்தாள். அம்சா கையைத் தட்டிக்கொண்டே அழுதாள். சித்தார்த்தன் அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

திங்கட்கிழமை மதியம் பள்ளியில் வரிசை வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தது. முதலில் நின்றது அந்த உப்புக் கேட்ட பிள்ளை.

“ஆயா, ஓடி முடிச்சியா?”

“முடிச்சேன்டா.”

“கால் வலிச்சுதா?”

“இல்ல.”

“எத்தினாவது வந்த?”

“அஞ்சாவது.”

பிள்ளையின் கண் விரிந்தது. பின்னால் திரும்பி, “ஆயா அஞ்சாவதுடா!” என்று கத்தியது. வரிசை முழுக்க அந்தச் செய்தி ஓடியது. பிறகு அந்தப் பிள்ளை மெதுவாகத் திரும்பி, சந்தேகத்தோடு கேட்டது.

“மொத்தம் எத்தினி பேரு ஆயா ஓடுனாங்க?”

செல்வி கரண்டியை வைத்துவிட்டு, முட்டைக் கூடையைப் பக்கத்தில் இழுத்தாள்.

“உனக்கு முட்டை வேணுமா, வேணாமா?”