பெட்டிக்குள் பூட்டிய புரொப்பெல்லர்

தையல் மெஷின் மெக்கானிக்குக்குத் தெருவில் வைத்த பெயர் 'சந்தேகம்'. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுக்கிற மனிதர். கட்டிக்கொண்டவளுக்குத் தலைவலிதான். ஆனால் ரேடியோ ரிமோட்டால் குட்டி விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் குணம் வரப்பிரசாதம். எஞ்சின் பொருத்தவும் புரொப்பெல்லரைச் சமன் செய்யவும் அவரிடம்தான் வருவார்கள்.

புரொப்பெல்லரின் நடு ஓட்டையில் மெல்லிய தண்டைச் செருகித் தாங்கியில் வைப்பார். கனமான இறக்கை கீழே இறங்கும். அதன் முதுகை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கிடையாக நிற்க வைப்பார். லேசான இறக்கையில் வார்னிஷ் தடவியும் சமன் செய்யலாம். அவர் தொடமாட்டார். "பூசி மெழுகுற வேலையெல்லாம் நமக்கு ஆகாது" என்பார்.

அப்படிப்பட்டவரின் கட்டைவிரல் ஒருநாள், தான் முடித்து வைத்த இறக்கையின் நுனியில் வழுக்கியது. முகர்ந்து பார்த்தார். வார்னிஷ்! அலமாரியில் இருந்த மற்ற இரண்டிலும் அதே வழுவழுப்பு.

வீட்டில் வார்னிஷ் புட்டி வைத்திருந்தது மச்சான் ஒருவன்தான். மனைவியின் தம்பி. சாயங்காலங்களில் வந்து விமானங்களின் உடம்புக்குப் பூச்சு அடித்துக் கொடுப்பான். போன மாதம் தனிக்கடை போடுவதைப் பற்றி வேறு பேசினான். அவருக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. எண்ணெய் ஊற்றி வளர்த்த விளக்கே கூரையைக் கொளுத்துகிறதே என்று, சாயங்காலம் வந்தவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"என் பேரைக் கெடுத்துட்டு உன் கடையைத் தொறக்கலாம்னு பாக்கிறியா?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கப் போனாள். அவன் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றே ஒரு தகரப் பெட்டி வாங்கினார். முடித்த வேலையெல்லாம் அதற்குள். சாவி இடுப்பில்.

பெட்டியிலிருந்து முதலில் வெளியே போனது பல் டாக்டரின் புரொப்பெல்லர். ஆறு மாதம் உட்கார்ந்து டாக்டர் கட்டிய விமானம் அது. எஞ்சினையும் இவரே பொருத்தி, நாலு திருகையும் இரண்டிரண்டு தடவை இறுக்கி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் ஒரு சாக்குடன் வந்தார். உள்ளே விமானம் விறகாகக் கிடந்தது.

"ஏறும்போதே ஒதற ஆரம்பிச்சிடுச்சு. திருகு கழண்டு எஞ்சின் தனியா விழுந்துச்சு. நீங்க பாத்ததுன்னு கண்ண மூடிக்கிட்டு ஏத்தினேன்."

டாக்டர் போனதும் அவர் பெட்டியிடம் போய்ப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது. வேறொரு கை பட வழியே இல்லை. சந்தேகப்பட அவருக்கு ஆளே கிடைக்கவில்லை.

மனைவி அவர் இடுப்புச் சாவியை வாங்கித் திறந்து, பெட்டியிலிருந்து இன்னொரு புரொப்பெல்லரை எடுத்துத் தாங்கியில் வைத்தாள்.

"எப்படி நிக்குது?"

"கிடையாத்தான் நிக்குது."

"வெரல நீட்டுங்க." அவர் விரலை இறக்கையின் கீழே வைத்தாள். அது மெல்ல இறங்கி வந்து விரல்மேல் உட்கார்ந்தது. குனிந்து எவ்வளவு உற்றுப் பார்த்தும் அது அசைந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா. நீங்க குளிக்கப் போறப்ப எடுத்துப் பாத்து, லேசான பக்கம் தொட்டு வைப்பேன். தேய்ச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு வார்னிஷ். சொன்னா ஒடஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? மச்சான்தான் கதவைத் திறந்தான்.

"மாப்ள, உங்க அக்காதான் செஞ்சிருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்குத் தெரியும் அத்தான்" என்றான் அவன். "பூசக் கத்துக் கொடுத்ததே நான்தான். உள்ள வாங்க, படி இருக்கு, பாத்து."