ஆயில் போன வழி

அப்பா யாரையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரரில் தொடங்கி கரண்டு பில் எடுக்க வருபவர் வரை எல்லோர் மேலும் அவருக்கு ஒரு கண் உண்டு. அப்படிப்பட்டவர் தன் பழைய டீசல் வேனை அம்மாவின் ஒரே தம்பியிடம் ஓட்டக் கொடுத்ததே அதிசயம். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிவருவது மாமாவின் வேலை.

அந்தக் கோடையில் இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. ஊற்ற ஊற்ற எங்கே போகிறதென்று தெரியவில்லை. அப்பா வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் பார்த்தார். சாக்கு காய்ந்தபடியே கிடந்தது.

“கீழ ஒரு சொட்டு ஒழுகல. அப்ப வித்துத்தான் தின்னுருக்கான்.”

“எந் தம்பி அப்படிச் செய்யுதவன் இல்ல,” என்ற அம்மா அன்று சாப்பிடவில்லை.

பள்ளிக்கூட லீவுதானே என்று அப்பா என்னை வேனில் அனுப்பினார். பெயருக்கு ஊர் சுற்றல், உண்மையில் வேவு. கடைசி சீட்டில் உட்கார்ந்து மாமாவையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் டீக்கு இறங்கினால் நானும் இறங்கினேன். பின்கண்ணாடி உடைந்திருந்ததால் வண்டி விட்ட புகையில் பாதி எங்களோடுதான் வந்தது. அக்காமார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“ஏட்டி, முன்னால வந்து உக்காரு, புகை அடிக்குதுல்லா,” என்றார் மாமா.

சீட்டுக்கடியில் ஆயில் டின்னை ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்து அரண்டு போனாள். அப்பியிருந்த கரி வெறும் தண்ணீருக்குப் போகவில்லை என்று சோப்பைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். “வெறும் கரி மாதிரி இல்லியே, பிசுபிசுங்குதே!”

“டீசல் வண்டின்னா புகையத்தான் செய்யும். நீ சொல்லுட்டி, எங்கன வித்தான்?” என்றார் அப்பா.

“விக்கவே இல்லப்பா.”

“நீ இருக்கேன்னு சும்மா இருந்துருப்பான்.”

மறுநாள் மாமாவிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். புது டிரைவர் வந்தும் ஆயில் குறைந்தது. அவரும் திருடன் ஆனார். நான் பெரிய மனுஷியான சடங்குக்கு மாமா முறைப்படி சீர் கொண்டுவந்தார். வைத்துவிட்டுக் கை நனைக்காமல் போய்விட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். “பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு அண்ணாச்சி. ஆயில் மேல ஏறி, டீசலோட சேந்து எரிஞ்சு, அம்புட்டும் புகையாப் போயிருக்கு.” அப்பா அவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

அப்பா தேடிய ஆயில் அன்றைக்கு என் முகத்தில்தான் இருந்தது. தம்பிக்கு இருந்த ஒரே சாட்சியை அம்மா தன் கையாலேயே கழுவி ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணில் சோப்பு எரிகிறது என்று கத்த மட்டும்தான் எனக்கு அப்போது தெரிந்தது.