கேப்டன் தாத்தாவின் இரண்டு வீடுகள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்ப்பவர் அவர். கண்கள் சாம்பல் நிறம். "இது என்ன விலைங்க?" என்று கடைக்கு வந்த ஒரு பெண், கலர் லென்ஸ் என்று நினைத்து, அந்தக் கண்ணைப் பார்த்துக் கேட்டேவிட்டாள். "பரம்பரைச் சொத்தும்மா, விக்கிறதில்ல" என்றார்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் குடும்பத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தது எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவைக் கேட்டால் அவர் கப்பல் கேப்டன். கவர்னரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர். சித்தப்பா வாயில் அந்த மனிதர் வருடத்துக்கு வருடம் பதவி உயர்ந்துகொண்டே போனார்.

அம்மா காலமான பிறகு, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் பதிவு அலுவலகத்துக்குப் போனவர், சும்மா ஓர் ஆசையில் கேப்டனின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே குமாஸ்தாவாக இருந்த அம்மாளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். மூன்றாவது வாரம் கூப்பிட்டு, பழைய திருமணப் பதிவேட்டில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"கேப்டன் இல்லீங்க. துறைமுகக் கிடங்குல என்னை மாதிரி குமாஸ்தா, நம்ம ஜாதிதான்" என்று சிரித்தார். "இதுக்கு முன்ன கல்யாணம் ஆகாதவர்னு போட்டிருக்கு. பொறந்த ஊரும் இருக்கு. அங்க ஒரு கடுதாசி போட்டுப் பாக்கலாமா?"

இரண்டு மாதத்தில் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதை வாசிக்க வாசிக்கக் குமாஸ்தா அம்மாளின் குரல் இறங்கியது. கப்பலேறுவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த ஊரில் பிரெஞ்சுக்காரருக்குத் திருமணம் ஆகியிருந்தது. கைக்குழந்தையும் இருந்தது. அந்தக் குழந்தையின் வழிவந்த ஒரு முதிய பெண்மணி இன்னும் அதே ஊரில் இருக்கிறாராம். அவருடைய சம்மதத்தோடு முகவரியும் வைத்திருந்தார்கள்.

மறுநாள் அவர் ஒரே கண்ணாடிக்கு இரண்டு வலது லென்ஸ் தேய்த்து வைத்தார்.

"நல்லா இருந்த பேரக் கெடுத்துட்டு வந்து நிக்கிறியேடா" என்றார் சித்தப்பா. மனைவிதான், "அந்தம்மாவும் தெரிஞ்சுக்கட்டுங்க, எழுதிப் போடுங்க" என்றாள்.

எழுதினார். நாங்கள் அவருடைய இன்னொரு குடும்பம் என்று எழுதும்போது, தானே ஏதோ தப்பு செய்தவர்போலக் கூசியது.

பதில் இப்படி இருந்தது: "கப்பல் புயலில் போய்விட்டது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவருடைய மனைவி மறுமணம் செய்துகொள்ளவில்லை. குடும்பக் கல்லறையில் கணவரின் பெயரும் பிறந்த வருடமும் இருக்கின்றன. உறுதியாகத் தெரியாததால் இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியுமா?"

நான்கு சனிக்கிழமைகள் தேடி இறப்புப் பதிவைக் கண்டுபிடித்தார்கள். கப்பலேறி முப்பத்தோரு வருடம் கழித்து, காய்ச்சலில் இறந்திருக்கிறார்.

"இத்தனை வருஷம் உசுரோட இருந்துட்டு ஒரு வரி போடலன்னு தெரிஞ்சுருமே" என்றார் குமாஸ்தா அம்மாள்.

"அவங்களே கேட்டிருக்காங்க. நாம மறைச்சா, அவர் செஞ்சதையே நாமளும் செஞ்ச மாதிரி ஆயிடும்" என்றார் அவர்.

அந்த வருடத்தை எழுதி அனுப்பினார். வெகுநாள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. பாசி படிந்த கல்லில் புதிதாக வெட்டிய நான்கு எண்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. கூடவே ஒரு கடிதம்: "ஒரு வாரம் அந்த மனிதர்மேல் கோபமாக இருந்தேன். பிறகு கல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். உங்கள் ஊரில் அவரோடு வாழ்ந்த பெண்ணின் பெயரை நீங்கள் எழுதவே இல்லையே?"

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் அந்த ஆளின் பின்னாலேயே அலைந்திருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அதே திருமணப் பதிவேட்டில் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்கார எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்த அந்தப் பெயர், எந்த ஊர்ப் பெயராகவும் இல்லை. குமாஸ்தா அம்மாளும் அவரும் பதிவேட்டின்மேல் குனிந்துகொண்டு, நான்கு விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தாவது முறை, அது ஒரு பெண்ணைக் கூப்பிடுவதுபோலக் கேட்டது.