மைக் செட்காரர் மகளின் காது

அடி அண்ணாமலையில் அன்பரசன் வாயைத் திறந்தால் கிரிவலப் பாதையின் அந்தப் பக்கம் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஒலிபெருக்கிகளுக்கு நடுவே கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டால்கூட அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். மனைவி தேவிப்ரியாவும் கூடவே கத்தப் பழகிவிட்டாள். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது மந்தமாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

ஒரே மகள் தென்றல், ஒன்றாம் வகுப்பு. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள், குறட்டையும் விடுவாள். அன்பரசனுக்கு அதில் ஏகப் பெருமை. "எங்க வம்சமே அப்படித்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சளி பிடித்துக் காது வலித்தால் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றிவிடுவார்கள். வலி அடங்கும், பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்து டீச்சர்தான் முதலில் சொன்னார். "பின்னாடி இருந்து கூப்ட்டா திரும்ப மாட்டேங்குறா. காதைக் கொஞ்சம் காட்டிடுங்க."

அன்பரசனுக்குச் சுருக்கென்றது. மைக் செட்காரன் பெண்ணுக்கா காது கேட்காது? வீட்டுக்கு வந்ததும் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார். திரும்பினாள்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

"நீங்க கூப்ட்டதுக்குத் தெருவே திரும்பிச்சு. மெதுவா கூப்புடுங்க."

அதுதான் அவருக்கு வராதே. தேவிப்ரியாவே மெதுவாகக் கூப்பிட்டாள். தென்றல் தன் பாட்டுக்குப் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

திருவண்ணாமலையில் காது மூக்கு தொண்டை டாக்டர் பரிசோதித்துவிட்டு விளக்கினார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்கிற சதை வீங்கியிருக்கிறது, குறட்டை அதனால்தான். அது காதுக்குப் போகும் குழாயை அடைத்ததில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிட்டது.

"காதுல இனிமே எண்ணெய் ஊத்தாதீங்க" என்றும் சொன்னார். வம்சப் பெருமை அங்கேயே இறங்கிவிட்டது.

சில மாதம் பொறுத்துப் பார்த்தும் நீர் வடியவில்லை. சதையை எடுத்துவிட்டு, செவிப்பறையில் கடுகளவு குழாய் வைக்க முடிவானது. மயக்க மருந்து என்ற சொல்லே அன்பரசனின் தூக்கத்தைக் கெடுத்தது. மகளை உள்ளே கொண்டுபோனபோது தேவிப்ரியா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் தனியாக வராந்தாவில் நின்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, தென்றல் கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். குழந்தை ஓய்வெடுக்கட்டும் என்று டிவியைக்கூட அணைத்திருந்தார்கள். அடுப்படியில் அன்பரசன் மனைவியின் பக்கம் குனிந்து, என்றைக்கும் இல்லாத அதிசயமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன். நீ மருந்து வாங்கப் போனப்ப நான் அழுதுட்டேன். பாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்ப்பா அழுத?"

அன்பரசன் சந்தோஷம் தாங்காமல் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.