சுருதி சேர்ந்த கார்

என் அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பாட உட்கார்ந்தாளாம். பிறந்த வீட்டிலிருந்து சீரோடு சேர்ந்து வந்த சுருதிப் பெட்டி பக்கத்தில். பெண் பார்க்க வந்த அன்று அவள் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் அத்திம்பேர் அங்கேயே சம்மதம் சொன்னார் என்பது எங்கள் வீட்டுப் பெருமைகளில் ஒன்று. அதே அத்திம்பேர் கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி, அதைக் கீழே இறக்காமலேயே, "சுருதி கொஞ்சம் விலகறது" என்றாராம்.

அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. சபாவில் பெரிய பெரிய வித்வான்களைப் பற்றியும் மனிதர் இதையேதான் சொல்வார். அக்கா அந்தப் பாட்டை மரியாதையாக முடித்துவிட்டு, பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியின் உச்சியில் ஏற்றி வைத்தாள். அதற்கப்புறம் இறக்கவே இல்லை.

எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்து, மயிலாப்பூரில் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே அக்கா இதைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நான் தூங்கி எழுந்ததே அவள் சாதகம் பண்ணும் குரலைக் கேட்டுத்தான். இந்த வீட்டில் அவள் சமையலறையில்கூட முணுமுணுப்பதில்லை. ஒரு தரம் பாடேன் என்று கேட்டால், அவர் ஆத்துல இருக்கார் என்பாள். அவர் இல்லாதபோது கேட்டால், வேலை தலைக்கு மேல கெடக்கு என்பாள். அவளை எப்படியாவது பாட வைத்துவிட வேண்டும் என்று நான் செய்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பலித்தது ஒரு ஓட்டைக் கார்.

அத்திம்பேர் ஆடிட்டர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அவரிடம் கணக்குப் பார்க்க வருவார். அவர் புதிதாகத் தன் காரில் கேசட் ஸ்டீரியோ வைத்துக்கொண்டு, ஒருநாள் அத்திம்பேரை அதில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு சபாக் கச்சேரியின் கேசட்டைப் போட்டிருக்கிறார். அத்திம்பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று எங்களிடம் தீர்ப்புச் சொன்னார். பாட்டு நன்றாகத்தான் இருந்ததாம். காருக்குத்தான் சுருதி ஞானம் இல்லையாம். எஞ்சின் ஒரு பக்கம் இழுக்கிறது, வித்வான் ஒரு பக்கம் இழுக்கிறார், நடுவில் தான் மாட்டிக்கொண்டு தவித்ததாகச் சொன்னார்.

வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் நான்கு நாள் யோசித்து ஒரு சித்தாந்தத்தையே உருவாக்கிவிட்டார். நம் ஊர்க் கார்கள் கடகடவென்று ஆடுபவை; அவற்றில் ஸ்டீரியோ வைப்பது கல்யாண சமையற்கட்டில் வீணைக் கச்சேரி வைப்பது போல. பெரிய வெளிநாட்டுக் கார்தான் சரி. அதுவும் பழையதாக இருந்தால் மேல், எஞ்சின் பக்குவப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் ரீங்காரம் ஒரு கட்டை சுருதியில் நிற்க வேண்டும். ஆர்மோனியத்தில் ஒன்றாவது வெள்ளைக் கட்டை. அவருடைய அபிமான வித்வான்கள் பலரும் பாடும் சுருதி. அப்படி ஒரு கார் கிடைத்துவிட்டால் தனியாகத் தம்பூராவே வேண்டாம், காரே போடும்.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கார் வைத்திருந்தவர்களெல்லாம் அதை யார் தலையிலாவது கட்டிவிடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். அத்திம்பேர் தானாகப் போய்த் தலையைக் கொடுத்தார்.

புறப்படுகிற அன்று காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கினார். தூசியைத் தட்டினார். அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பொட்டியக் காருக்கா எடுத்துண்டு போறேள்?" என்றாள். ஆமாம் என்று அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான்தான். ஓசிச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்குக் கோபம் எல்லாம் மனசுக்குள்தான்.

பாண்டி பஜார் பக்கத்துத் தரகர் ஒருவர் எங்களை அழைத்துப் போனார். முறை இதுதான்: தரகர் எஞ்சினைக் கிளப்பி விடுவார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து துருத்தியை அமுக்கிப் பெட்டியை ஒரு கட்டையில் ஊத விடுவேன். அத்திம்பேர் என் பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டும் சேர்கிறதா என்று கேட்பார். மயிலாப்பூரில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜாதகம் பார்க்கும்போதுகூட இவ்வளவு நிசப்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் கார் தி. நகரில், சினிமாப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவருடையது. பால் வெள்ளை. ஸ்டீரியோ வைக்க டாஷ்போர்டில் அளவெடுத்தது போல் இடம். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. நான் மயங்கிவிட்டேன். அத்திம்பேர் உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கினார். சத்தமே இல்லாத காரில் ஆதார சுருதிக்கு எங்கே போவது என்றார். அந்த ஒரே காரணத்துக்காக, நாங்கள் பார்த்ததிலேயே நல்ல காரை வேண்டாம் என்றோம்.

தரகர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். "இன்னா சார் இது, பெரியவரு வண்டி வாங்க வந்துகீறாரா, பாட்டு கிளாஸ் எடுக்க வந்துகீறாரா?" என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். அசோக் நகரில் ஒன்று இரண்டரைக் கட்டையில் நின்றது. இன்னொன்று நிற்கவே மாட்டேன் என்று மேலும் கீழும் அலைந்தது.

கடைசியில் அடையாறில் அகப்பட்டது. தேயிலைத் தோட்டத்து மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், குன்னூருக்கே திரும்பிப் போகிற அவசரத்தில் இருந்தார். கரும்பச்சை நிறத்தில், பீரோக் கதவு மாதிரி கதவுகளோடு ஒரு கப்பல். டயர்கள் வழுக்கை. சீட்டுத் தோல் வாய் பிளந்து நார் வெளியே தெரிந்தது. தரகர் சாவியைத் திருப்பியதும் அடிவயிற்றிலிருந்து ம்ம்ம்ம் என்று ஒரு கனமான நாதம் கிளம்பிப் பெட்டியின் ஒரு கட்டையோடு ஒட்டிக்கொண்டது. நான் துருத்தியை நிறுத்திய பிறகும் பெட்டி ஊதிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அத்திம்பேருக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. விலை பேசுகிறவன் கண்ணில் நீரைப் பார்த்த பிறகு எந்தத் தரகர் விலையைக் குறைப்பார்?

மறுநாள் மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சைலன்சரில் ஓட்டை, அதனால்தான் இந்தச் சத்தம், அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். அத்திம்பேர் பதறிப்போனார். அந்த ஓட்டையைத் தொடக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

ஸ்டீரியோ பர்மா பஜாரில் வாங்கி, மவுண்ட் ரோடு சந்து ஒன்றில் பொருத்தியது. பொருத்துகிறவர் இரண்டு ஸ்பீக்கரையும் பின் சீட்டுக்குப் பின்னால் வைக்கலாம் என்றார். அத்திம்பேர் சம்மதிக்கவில்லை. மேடையில் இருப்பது போல வயலின் இடது பக்கமும் மிருதங்கம் வலது பக்கமும் கேட்க வேண்டுமாம். அவர் கேசட்டுகளெல்லாம் சபாவில் ஒரே மைக்கை நீட்டிப் பதிவு செய்தவை. எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றேதான் கேட்கும். பொருத்துகிறவர் நல்ல வியாபாரி. "ஆவட்டும் சார்" என்று சொல்லி, கேட்ட இடத்தில் ஓட்டை போட்டார்.

எல்லாம் முடிந்து கேசட்டைப் போட்டோம். வண்டி நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வித்வான் தொடங்கினார், காரும் கூடவே சேர்ந்துகொண்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே மெய்சிலிர்த்தது. அத்திம்பேர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், உலகமே இத்தனை நாளாக எதிர்க்கட்சியாக இருந்து இன்றைக்குத்தான் தோற்றது என்ற திருப்தி இருந்தது.

பிறகு கியரைப் போட்டார்.

கார் நகர்ந்தால் எஞ்சினின் சத்தம் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் அத்தனை நாளில் அது தோன்றவே இல்லை. நாங்கள் பார்த்த கார்கள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துத்தான் பரீட்சை செய்திருந்தோம். வித்வான் இருந்த இடத்தில் இருந்தார். கார் அவரை விட்டு ஏறிக்கொண்டே போனது. ஜெமினி மேம்பாலத்தில் ஏறும்போது அத்திம்பேர் காதைப் பொத்திக்கொள்ளக் கையை எடுத்தார். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம், கடற்கரையோரம் காரை நிறுத்திவைத்து, எஞ்சினை ஓட விட்டுக் கச்சேரி கேட்டோம். சுண்டல்காரர்கள் வண்டி ரிப்பேரா என்று விசாரித்தார்கள். பெட்ரோல் போகிற வேகத்தைப் பார்த்து அத்திம்பேர் அதையும் விட்டார். கடைசியில் பாட்டுக்காகவே வாங்கிய காரில், பாட்டைப் போட்டால் அபஸ்வரம் என்று ஸ்டீரியோவை அணைத்துவிட்டு ஓட்டினார். அக்கா பின் சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வருவாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஒருநாள் திருவான்மியூர் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன்னால், அக்கா பின்னால். ஸ்டீரியோ வழக்கம்போல் வாய் மூடிக் கிடந்தது. அடையாறு வரைக்கும் காலி ரோடு. டாப் கியரில், ஒரே வேகத்தில், கார் உயரமாக ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு போனது. எனக்கு அது பழக்கமான சுருதியாகப் பட்டது. எங்கே கேட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து மெல்ல ஒரு ரீங்காரம் வந்தது.

முதலில் அதுவும் கார்தான் என்று நினைத்தேன். பிறகு அது சஹானா ராகமாக விரிந்தது. கார் பிடித்திருந்தது, ஊரில் அக்கா எப்போதும் பாடுகிற ஐந்து கட்டை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அவளுக்கே தான் பாடுவது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். தம்பூராவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சுருதி நிலையாகக் காதில் விழுந்தால் வாய் சும்மா இருக்காது. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. இத்தனை வருஷம் அலமாரி உச்சியில் கிடந்தால் எந்தக் குரலும் கரகரக்கத்தான் செய்யும்.

அத்திம்பேர் கால் ஆக்சிலரேட்டரில் அசையாமல் இருந்ததை மட்டும் பார்த்தேன்.

அடையாறு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. அவர் காலை எடுத்தார். காரின் நாதம் சரிந்தது. பின்னால் பாட்டு நின்றது. போச்சு, இனி இந்த ஜன்மத்தில் இல்லை என்று நினைத்தேன்.

"ஏன்னா," என்றாள் அக்கா, ரொம்ப சாதாரணமாக. "சுருதி கொஞ்சம் விலகறது."

மாட்டு வண்டி ஒதுங்கியது. அத்திம்பேர் கியரை மாற்றி, வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

பாலம் தாண்டி, சாந்தோம் தாண்டி, எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற கச்சேரி ரோடு வந்தது. திரும்ப வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அத்திம்பேர் திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் நேராகப் போனார்.