வேலிக்கு வெளியே நின்று கேட்ட சிரிப்பு

கீரி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வயிறு எரியும். அதைப் பொறாமை என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். குழம்பில் உறைப்புக் கூடிவிட்டது என்பேன். மனைவி சீரகத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. மன்னார் பட்டினத்தில் அரசாங்கக் கந்தோரில் நான் கிளாக்கர். மாதம் தவறாத சம்பளம், ஓடு போட்ட கல்வீடு, இரண்டு கோட்டு, ஒரு சைக்கிள். எங்கள் குடும்பத்தில் இங்கிலீசு படித்தவன் நான் ஒருவன்தான். கோயில் குருவானவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அண்ணன் எங்கள் தகப்பன் அப்புவோடு மீன்பிடி வள்ளத்தில் ஏறினார். ஊரார் கணக்குப்படி அண்ணன்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அவர் படவில்லை. அதுவே எனக்கு ஒரு குறையாக இருந்தது.

அண்ணனுடையது ஓலை வீடு. பிள்ளைகள் ஐந்து பேர். அம்மா இறந்த பிறகு அப்புவும் அவரோடுதான் இருந்தார். பூசை முடிந்து நான் சைக்கிளில் போய் இறங்கும்போது முற்றத்துப் பந்தலின் கீழே எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நண்டுக் குழம்புச் சட்டி. பெரிய காலுக்குப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அண்ணனின் மனைவி, என் மச்சாள், ஏதோ சொல்வாள்; அண்ணன் புரைக்கேறும்வரை சிரிப்பார். அப்பு ஒரு வார்த்தை போட்டால் அந்தச் சிரிப்பு இன்னொரு சுற்று வரும்.

ஒருநாள் ஊர்க் கழுதை ஒன்று அடுப்படிக்குள் தலையை விட்டு, அவித்து வைத்திருந்த பிட்டு முழுவதையும் தின்றுவிட்டது. மத்தியானச் சாப்பாடே போய்விட்டது. மச்சாள் நிலத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சம்பல் போடாமத் திண்டிட்டுது, பாவம்" என்றார் அப்பு. எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டில் அது நடந்திருந்தால் வேலி கட்டியவனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன்.

என் வீடு அமைதியான வீடு. நான் வாசலில் சைக்கிள் மணியை அடித்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காகிவிடும். பெரியவளும் மகனும் புத்தகத்தோடு இருப்பார்கள். கடைசி மகள் தாயின் சேலைக்குப் பின்னால் நிற்பாள். கால் கழுவத் தண்ணீர் இருக்கும். அதை மரியாதை என்று நினைத்து வந்தேன். ஆனால் கீரியிலிருந்து திரும்பும் ஞாயிறுகளில் மட்டும் அந்த அமைதி எனக்குப் பிடிக்காது. அலுமாரியில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். கத்துவேன்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணன் வீட்டுச் சிரிப்புக்கெல்லாம் காரணம் அப்பு. அப்பு என்னோடு இருந்தால் அந்தச் சிரிப்பு என் வீட்டுக்கு வரும். நியாயப்படி எனக்கும் அவரில் பாதி உரிமை உண்டு.

"அண்ணை, அப்புவின்ர முழங்கால் வீங்கிக் கிடக்கு. என்னோட வந்து இருந்தால் ஆஸ்பத்திரி கிட்ட. கிழமைக்கு ரெண்டு தரம் மருந்து கட்டலாம்" என்றேன்.

முழங்கால் வீங்கியிருந்தது உண்மைதான். அதனால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. "அப்பு என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் என்ர பிள்ளையள்தானே. எங்க எண்டாலும் கஞ்சி ஒண்டுதான்" என்றார் அப்பு. மச்சாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மாட்டு வண்டியில் அப்புவையும் அவருடைய பாயையும் ஏற்றியபோது அண்ணனின் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் வெகுதூரம் ஓடி வந்தார்கள். எனக்குள் அப்போது ஒரு சந்தோசம் இருந்தது. அது நல்ல சந்தோசம் அல்ல.

ஒரு மாதம் போனது. அப்பு என் வீட்டில் சிரிக்கவில்லை. மாலையில் நான் வரும்போது கோயிலில் இருப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் இருப்பார். "என்ன அப்பு, கால் எப்பிடி?" என்பேன். "பரவாயில்லை, தம்பி" என்பார். அவ்வளவுதான். அண்ணனுக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன். சிறு வயதிலிருந்தே அண்ணன்தான் அவருக்குப் பெரிது என்று பழைய கதைகளையெல்லாம் கிண்டிக் கிண்டி எடுத்தேன்.

ஒருநாள் எங்கள் துரை முசலிப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். பெரிய கிளாக்கர் மத்தியானத்தோடு எங்களை வீட்டுக்கு விட்டார். வழியில் சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்க, உருட்டிக்கொண்டே நடந்தேன். வீட்டு வேலியை நெருங்கியபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீடு என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மடு மாதா கோயிலுக்குப் போயிருப்பது நினைவு வந்தது.

கிடுகு வேலியின் இடுக்கால் பார்த்தேன். விறாந்தையில் என் கதிரையில் அப்பு இருந்தார். என்னுடைய இரண்டாவது கோட்டைப் போட்டிருந்தார், இடுப்பில் சாரம் கட்டியிருந்தார். பெரியவளும் மகனும் கடைசி மகளும் முன்னால் வரிசையாக நின்றார்கள். என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அப்பு எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஒரு விரலால் அலுமாரியின் மேலே தடவினார். விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். முகம் கோணியது.

"தூசி! இஞ்சேர், தூசி! இந்த வீட்டில மனிசர் இருக்கினமோ, கழுதையள் இருக்குதோ?"

"கழுதையள்!" என்று மூன்று பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு மூவரும் கழுதைபோலக் கத்தினார்கள். என் மகன் நிலத்தில் விழுந்து உருண்டான். கடைசி மகள், எனக்கு முன்னால் வாயே திறக்காத பிள்ளை, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். என் மனைவியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பத்து வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

அது என் குரல்தான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

உள்ளே போய்ச் சத்தம் போட்டிருக்கலாம். போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு பழைய கோட்டைப் பக்கம் போய், சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றேன். அண்ணன் வீட்டைப் பார்த்து எரிந்த வயிறு அன்றைக்கு என் சொந்த வீட்டைப் பார்த்து எரிந்தது. நான் தேடியலைந்த சிரிப்பு என் விறாந்தையிலேயே இருந்திருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து இருந்திருக்கிறது. வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். உள்ளே சட்டென்று அடங்கியது. அந்த மணி என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த ஞாயிறு கீரிக்குப் போனேன். "அண்ணை, அப்புவுக்கு என்னட்டைச் சரிவரேல்லைப் போல. நீங்களே கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

அண்ணன் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "போன புதன்கிழமை மீன் விக்கப் பட்டினத்துக்கு வந்தனான். அப்புவைக் கேட்டுப் பார்த்தன். வரமாட்டாராம். உன்ர பிள்ளையளை விட்டிட்டு வர மனமில்லையாம்."

பிறகு கொஞ்சம் கரகரத்த குரலில், "என்ர மனிசி கேக்கிறா, தம்பி என்ன மருந்து குடுத்து அப்புவை மயக்கி வச்சிருக்கிறார் எண்டு" என்றார்.

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என் முகத்தை நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீடு வரும்வரை எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அண்ணன் என்மேல் பொறாமைப்பட்டுவிட்டார்! பட்டினத்துக்குள் நுழையும்போதுதான் அந்தச் சந்தோசம் குறைந்தது. அவர் எதற்காகப் பொறாமைப்பட்டாரோ, அதில் எனக்கு ஒரு பிடியும் கிடைத்திருக்கவில்லை.

சில நாள் கழித்து, தலையிடி என்று பொய் சொல்லி நேரத்தோடு கந்தோரை விட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. படலையைத் தூக்கித் திறந்து நேரே விறாந்தையில் ஏறினேன். அப்பு கோட்டோடு அலுமாரிக்கு முன்னால் விரலை நீட்டியபடி நின்றார். எல்லோரும் உறைந்துபோனார்கள். கழுதைக் குரல் எடுக்கத் திறந்த மகனின் வாய் திறந்தபடியே நின்றது. என் மனைவியின் முகத்தில் இருந்தது பயம். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சிரிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் செருமினேன். அதுவும் அப்பு செருமியது மாதிரியே இருந்தது.

"அந்த விரல் இல்லை, அப்பு" என்றேன். "நான் சின்ன விரலாலதான் தடவுறனான்."

பிறகு கடைசி மகள் மெல்லப் போய் அப்புவின் கையைப் பிடித்தாள். நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி, சின்ன விரலை மட்டும் நீட்டிவிட்டாள். "இதாலதானாம், அப்பப்பா" என்றாள்.

முதலில் வெடித்தது என் மனைவி. பிறகு பிள்ளைகள். அப்பு கோட்டோடு கதிரையில் விழுந்து, "கடவுளே, என்ர முழங்கால்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாக, பழகாத செருப்புப்போல இருந்தது.

அன்றைக்குப் பிள்ளைகள் விளையாடப் போன பிறகு மனைவியிடம் கேட்டேன். "அப்பு வந்த பிறகுதானோ இதெல்லாம்?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் சொன்னாள்: "அப்பு வர முன்னம் நான்தான் நீங்கள்."

எனக்கு விளங்கவில்லை என்று கண்டு அவளே தொடர்ந்தாள். "சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து கஞ்சி குடிக்காமக் கிடந்தவள் எல்லோ? அப்ப தொடங்கினது. நீங்கள் மாதிரிச் செய்து காட்டினால் சிரிப்பாள், சிரிக்கேக்க ஒரு கரண்டி விடுவன். அப்பு என்னைவிட நல்லாச் செய்யிறார், விட்டுக்குடுத்திட்டன்."

சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. கோபிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்தக் காய்ச்சலை யோசித்தேன். பிள்ளை பிழைத்ததற்கு நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். கஞ்சி உள்ளே போன வழி எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வருடச் சிரிப்பிலும் ஒரு துளி எனக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமை இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. அதற்கு அப்போது என்னிடம் சொல் இருக்கவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நான் விறாந்தைக்கு வந்தால் பேச்சு கொஞ்ச நாள் தடைப்பட்டது. கோபமும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் கத்தத் தொடங்கும்போது மகன் மெல்லக் கழுதைக் குரல் எடுப்பான். பாதியில் நிற்க வேண்டியதாகிவிடும். மனைவி மீனின் நடுத்துண்டை எனக்கு வைத்துவிட்டுத் தலையைத் தான் எடுத்துக்கொள்வதைப் பார்த்தேன். தலைதான் ருசி என்பதால் எடுக்கிறாள் என்று பிறகு கண்டுபிடித்து, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்த வருடம் ஆவணித் திருவிழாவுக்கு இரண்டு வண்டி கட்டி மடுவுக்குப் போனோம். அண்ணன் குடும்பம் ஒன்றில், நாங்கள் ஒன்றில். அப்பு வழியில் வண்டி மாறி மாறி ஏறினார். எந்த வண்டியில் அதிக தூரம் வந்தார் என்று நானும் கவனித்தேன், அண்ணனும் கவனித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மரத்தடியில் சேர்ந்து சமைத்தோம். சாப்பிட்ட பிறகு என் கடைசி மகள் போய் அண்ணனின் மடியில்தான் நித்திரையானாள்.

பின்னேரம் கோயிலுக்குள் மாதாவின் முன்னால் முழங்காலில் நின்றேன். கேட்பதற்கென்று நிறைய நினைத்து வைத்திருந்தேன்: பதவி உயர்வு, மகனுக்குப் பெரிய பள்ளிக்கூடம். ஒன்றும் வாயில் வரவில்லை. அலுமாரி, கஞ்சி, பக்கத்தில் முக்காட்டோடு நிற்கும் மனைவி, சின்னவள் மடக்கிய விரல்கள் இவைதான் வந்தன. இவற்றுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடித்து எழும்பப் பார்த்தேன்.

அண்ணன் இன்னும் முழங்காலில் நின்றார். கண் மூடியிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைவிட இவருக்கு நன்றி சொல்ல என்ன இவ்வளவு கிடக்கிறது என்று எனக்கு உடனே வயிறு எரிந்தது. திரும்பவும் முழங்காலை ஊன்றிக் கண்ணை மூடி, விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன்.